ஐந்து ரூபாவுக்குப் பேரம், ஐந்து இலட்சத்துக்கு வெட்கம்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் நமது வியாபாரிகள் செத்தல் மிளகாய் வாங்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மூட்டையின் வாயை அவிழ்த்து மேலே கிடப்பதைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதை எடுத்து, காம்பை முறித்து, மணந்து பார்த்து, ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்ப்பார்கள். பிறகு கிலோவுக்கு ஐந்து ரூபாவுக்காக அரை மணித்தியாலம் பேசுவார்கள். பேச்சு சரிவராவிட்டால் எழும்பி அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இதில் யாருக்கும் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான்.

அதே மனிதர் அறுபது இலட்சம் ரூபாவுக்கு ஒரு பழைய வேன் வாங்கப் போகிறார். கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறார். ஏ.சி. குளிர்கிறதா என்று பார்க்கிறார். டயரைக் காலால் ஒரு தட்டு. "கடைசி விலை என்ன?" என்று ஒரு கேள்வி. "நானா, ஒங்களுக்கெண்டா ஒண்டு குறைச்சித் தாறன்" என்று ஒரு பதில். முற்பணம் கைமாறி விடுகிறது. மிளகாய் மூட்டைக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசி கூட இந்த வேனுக்குக் கொடுபடவில்லை.

இது ஏன் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வாகனம் பற்றித் தெரியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெட்கம். கார் சேலுக்குள் நுழைந்ததும் நாம் வியாபாரி என்பதை மறந்து "கஸ்டமர்" ஆகிவிடுகிறோம். பேரம் பேசினால் வசதியில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் நம்மைப் போல ஒரு வியாபாரிதான். அவருடைய சரக்கு மிளகாய் அல்ல, வேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விடயத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் சிறு வியாபாரிகளின் கையிருப்புப் பணத்தில் பெரும் பகுதி இன்று வாகனத்தில்தான் முடங்கிக் கிடக்கிறது. சரக்கு ஏற்றும் டிமோ பட்டாவாக இருக்கலாம், லைன் அடிக்கும் வேனாக இருக்கலாம், குடும்பத்துக்கான காராக இருக்கலாம். வாகனத்தில் மூன்று இலட்சம் கூடக் கொடுத்தவர், அந்த மூன்று இலட்சத்துக்கான சரக்கைக் கடையில் போட முடியாமல் ஒரு பெருநாள் சீசனை இழக்கிறார்.

விலை எப்படி இங்கே வந்து நின்றது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. நாட்டுக்குள் இருந்த வாகனங்களே மாறி மாறிக் கைமாறின. 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து ஒரு சில மாதங்களில் முந்நூற்று அறுபது வரை போனது. ஓடி ஓடித் தேய்ந்த வாகனம் வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்கு விற்கப்பட்ட விசித்திரத்தை நாம் எல்லோரும் கண்டோம். சிலர் வங்கியில் போடுவதை விட்டுவிட்டு வாகனம் வாங்கி நிறுத்தினார்கள். பிறகு 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் இறக்குமதி திறக்கப்பட்டது. ஆனால் வரிகளும், அதன் மேல் 18 வீத வற் வரியும் சேர்ந்ததால், விலை பழைய நிலைக்கு இறங்கும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஆகவே இன்று சந்தையில் இரண்டு வகையான மனக்கணக்குகள் உலவுகின்றன. வாங்குபவர், "இதே வாகனம் 2017 இல் என்ன விலைக்குப் போனது தெரியுமா?" என்கிறார். விற்பவர், "தடை இருந்த நாளில் இதற்கு எவ்வளவு கேட்டார்கள் தெரியுமா?" என்கிறார். இரண்டும் இன்றைய விலை அல்ல. வரலாறு. இரண்டு பேரும் வரலாறு பேசிக்கொண்டிருந்தால் பேரம் எங்கும் போய்ச் சேராது.

இன்றைய விலையை அறிவதற்கு ஒரே வழி, சேலுக்குப் போவதற்கு முன்பே அதைத் தேடி அறிவதுதான். வேண்டிய வாகனத்தை முதலில் தீர்மானியுங்கள். வேன் என்று சொல்லாமல், எந்த வேன், எந்த மொடல், எந்த வருடம், எந்த கிரேட், கியர் ஓட்டோவா மெனுவலா என்று தீர்மானியுங்கள். தயாரித்த வருடமும் பதிவு செய்த வருடமும் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம். விளம்பரத்தில் வசதியான வருடம்தான் பெரிய எழுத்தில் வரும். பிறகு அந்த ஒரே வகையில் ஏழெட்டு வாகனங்களின் விலையை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பத்திரிகையிலும் இணையத்திலும் வருவது கேட்கும் விலை, கொடுக்கும் விலை அல்ல. ஆனால் அதே விளம்பரம் ஒரு மாதம் கழித்தும் நிற்கிறதென்றால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். மூன்று நாளில் மறைந்துவிட்டதென்றால் அந்த விலை சந்தைக்குச் சரியாக இருந்திருக்கிறது. அந்தக் கொப்பியை இரண்டு வாரம் வைத்திருந்தவருக்கு, பத்து வருடம் தொழில் செய்த புரோக்கர் சொல்லும் விலையில் எது உண்மை, எது கூட்டிச் சொன்னது என்று ஓரளவு விளங்கிவிடும்.

புதிய வாகனத்தின் விலையையும் அந்தக் கொப்பியில் எழுதுங்கள். பழைய வாகனத்துக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. வரி கட்டி இறக்கிய புதியதின் விலைதான் அந்தக் கூரை. பழையது அதற்கு மிக அருகில் போய் நின்றால் ஏதோ கோளாறு இருக்கிறது.

இனி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்போம். சேல்காரருடைய கணக்கு என்ன? உதாரணத்துக்கு ஒரு வாகனத்தை அவர் 54 இலட்சத்துக்கு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணத்தின் செலவை மாதம் ஒன்றரை வீதம் என்று போட்டால், அது நிற்கும் ஒவ்வொரு மாதமும் 81,000 ரூபா தின்கிறது. மூன்று மாதம் நின்றால் 243,000 ரூபா. அதாவது அவருக்கு அது இப்போது 5,643,000 ரூபாவில் நிற்கிறது. இதற்கு மேல் காணி வாடகை, கழுவித் துடைக்கும் பையனின் சம்பளம், புரோக்கர் கொமிஷன். அவர் 62 கேட்கிறார். வந்து மூன்று நாளான வாகனம் என்றால் அவர் இறங்க மாட்டார். மூன்று மாதம் நின்ற வாகனம் என்றால், அவர் வாயால் சொல்லாவிட்டாலும் அவரது மனம் இறங்கத் தயாராகவே இருக்கும். ஆகவே வாகனத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது எத்தனை நாளாக நிற்கிறது? அவரிடம் கேட்டால் "நேற்றுத்தான் வந்தது" என்பார். வாகனத்தைக் கேளுங்கள். டயர் நிலத்தில் ஒரே இடத்தில் பதிந்திருக்கிறதா, வைப்பர் ரப்பர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா, பிரேக் டிஸ்கில் துரு படிந்திருக்கிறதா, பெட்டரிக்குக் கேபிள் போட்டுத்தான் ஸ்டார்ட் எடுக்கிறார்களா?

இன்னொன்று. சேலில் நிற்கும் வாகனங்கள் எல்லாம் சேல்காரருடையவை அல்ல. யாரோ ஒருவர் கொண்டுவந்து "எனக்குக் கையில் 58 வந்தால் போதும்" என்று நிறுத்திவிட்டுப் போயிருப்பார். அதற்கு மேல் எவ்வளவுக்கு விற்றாலும் மிகுதி சேல்காரருக்கு. இப்படிப்பட்ட வாகனத்தில் அவருடைய பணம் ஒரு சதமும் முடங்கவில்லை. மாதக் கணக்கு அவரைக் கடிக்காது. ஆனால் சொந்தக்காரரைக் கடிக்கும். ஆகவே இது சொந்தச் சரக்கா, கொமிஷன் சரக்கா என்று நேரடியாகக் கேளுங்கள். கொமிஷன் சரக்கென்றால், "சொந்தக்காரருக்கு ஒரு கோல் எடுத்து என் விலையைச் சொல்லுங்கள்" என்று கேட்பதில் தவறில்லை. உங்கள் விலை சொந்தக்காரரின் காதுக்குப் போகாமல் மேசையிலேயே நின்றுவிடும் சந்தர்ப்பங்கள் ஏராளம்.

புரோக்கர்மாரைப் பற்றி அதிகம் எழுத நான் விரும்பவில்லை. அவர்களில் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் அழைத்துப்போகும் புரோக்கர் உங்களிடமும் கை நீட்டி, சேலிலும் கை நீட்டுகிறார் என்றால் அவர் யாருடைய ஆள்? முதலிலேயே, "உமக்கு இவ்வளவு தருவேன், அந்தப் பக்கம் வாங்கக் கூடாது" என்று தொகையைச் சொல்லிப் பேசிவிடுவது நல்லது. வீதக் கணக்கில் பேசினால் விலை கூடக் கூட அவருக்கு இலாபம். இதை நாம் ஏன் கவனிப்பதில்லையோ தெரியவில்லை.

பேச்சு நடுவில் தொலைபேசி அடிக்கும் வித்தையும் உண்டு. "ஹலோ, அந்த வேனா? இப்ப ஒரு பாட்டி பாத்துட்டு ஈக்கிறாங்க, நீங்க பின்னேரம் வாங்க" என்பார். இல்லாத வாடிக்கையாளரைக் காட்டி விலையை ஏற்றுவதற்கு நமது மார்க்கச் சட்ட நூல்களில் நஜ்ஷ் என்று பெயர் இருக்கிறது, அது விலக்கப்பட்டது என்பது மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அப்படி ஒரு அழைப்பு வந்தால் நீங்கள் செய்ய வேண்டியது கோபப்படுவதல்ல. "அவர் வந்து பார்க்கட்டும், எனக்கு அவசரமில்லை" என்று சொல்லி மிச்சத் தேநீரைக் குடியுங்கள். உண்மையான வாடிக்கையாளர் என்றால் வாகனம் அவருக்குப் போகட்டும். உலகத்தில் ஒரே ஒரு வேன் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். நம் சமூகத்தில் வாகன வியாபாரத்தில் அதிக நட்டத்தைக் கொண்டுவரும் சொல் ஒன்று இருக்கிறது. "நம்ம ஆள்." சேல்காரர் நம்ம ஆள். தெரிந்த குடும்பம். பள்ளியில் ஒரே சஃபில் நிற்பவர். மச்சானுடைய கூட்டாளி. ஆகவே சோதித்துப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகும் என்று நினைக்கிறோம். கராஜுக்குக் கொண்டுபோகக் கேட்பதில்லை. புத்தகத்தை வாங்கிப் பார்ப்பதில்லை. குறைத்துக் கேட்பதுமில்லை. அவரும் கூட்டித்தான் சொல்கிறார், ஏனென்றால் எல்லோரும் குறைத்துக் கேட்பார்கள் என்று வைத்துத்தான் அவர் விலை சொல்லப் பழகியிருக்கிறார். கேட்காதவர் கேட்காததற்கான தண்டப் பணத்தைக் கட்டுகிறார். அதே வாகனத்தை மறுநாள் வந்த அந்நியர் நன்றாகப் பேரம் பேசி நம்மைவிட ஓரிரு இலட்சம் குறைவாக வாங்கியிருப்பார்.

பிறகு நடப்பதுதான் பரிதாபம். ஆறு மாதத்தில் கியர்பொக்ஸ் போகிறது. "தெரிந்துகொண்டே தலையில் கட்டிவிட்டான்" என்று இவர். "நீங்கள்தானே பார்த்து வாங்கினீர்கள்" என்று அவர். ஒரே சஃபில் நின்றவர்கள் முகம் பார்ப்பதில்லை. கலியாண வீட்டுக்கு அழைப்பு நின்றுவிடுகிறது. உறவைக் காப்பாற்றத்தான் சோதிக்காமல் வாங்கினோம், சோதிக்காமல் வாங்கியதால்தான் உறவு முறிந்தது. என் கணிப்பில், உறவுக்காரரிடம் வாங்கும்போது அந்நியரிடம் வாங்குவதைவிட இரண்டு மடங்கு சோதனை செய்ய வேண்டும். நேர்மையான சேல்காரர் இதைக் குறையாக எடுக்கவே மாட்டார். "தாராளமா ஒங்கட பாஸுட்ட காட்டுங்க" என்று சாவியைத் தருவார். சாவி தரத் தயங்குபவரிடம் விலை பேசவே தேவையில்லை.

சோதனை என்று சொன்னேன். எல்லா மெக்கானிக் வேலையையும் நாம் படிக்க முடியாது, அதற்கு நம்பிக்கையான பாஸ் ஒருவர் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரங்களைச் செலவென்று நினைக்க வேண்டாம். ஆனால் சில விடயங்களை நம் கண்ணாலேயே காணலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்யப்பட்டது. மீட்டர் முப்பதாயிரம் கிலோமீற்றர் காட்டும் வாகனத்தில், வாகனத்தின் வருடத்துக்குப் பிறகு செய்யப்பட்ட டயர் நான்கும் ஏன் வந்தன? பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து, ஸ்டியரிங்கின் தோல் மினுங்கி, டிரைவர் ஆசனத்தின் ஓரம் உட்கார்ந்துபோயிருந்தால் மீட்டர் சொல்லும் கதையை நம்ப வேண்டாம். ஜன்னல் கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரைகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. பொனட்டின் உள்ளே ஆணிகளில் பெயின்ட் உடைந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது.

ஜப்பானிலிருந்து வந்த வாகனம் என்றால் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் 4.5, 4, 3.5 என்று தரம் இருக்கும். அந்த இடத்தில் ஆர் அல்லது ஆர்.ஏ. என்ற எழுத்து இருந்தால் அது அடிபட்டுத் திருத்தப்பட்டது. ஏலம் போன நாளின் கிலோமீற்றர் கணக்கும், செசி இலக்கமும் அதில் இருக்கும். செசி இலக்கத்தை வாகனத்தோடு ஒப்பிடாமல் தாளை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது வீண். தாளை அழகாக அச்சடித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். ஹைபிரிட் என்றால் பெட்டரியை ஸ்கேன் பண்ணாமல் விலை பேசவே கூடாது. அந்த ஒரு பெட்டரி நீங்கள் பேசிக் குறைத்த அத்தனையையும் தின்றுவிடும்.

வெள்ளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகள் மூழ்கியபோது எத்தனையோ வாகனங்கள் தண்ணீருக்குள் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் பல மாவட்டங்களை மூழ்கடித்தது. கம்பளையிலும் மற்ற இடங்களிலும் நம் வியாபாரிகள் கடையையும் இழந்தார்கள், வாகனத்தையும் இழந்தார்கள். அந்த வாகனங்கள் எங்கே போயின? எல்லாம் பழைய இரும்புக்குப் போகவில்லை. கழுவி, காய வைத்து, சீட் கவர் மாற்றி வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு நிற்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றின் கோடு அங்கே தங்கியிருக்கும். ஸ்பெயார் டயர் வைக்கும் குழியைத் தடவிப் பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி ஆசனம் பொருத்திய ஆணிகளின் துருவைப் பாருங்கள். உள்ளே ஏறியதும் எயார் பிரெஷ்னர் வாசனை மூக்கைத் துளைத்தால், அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். வெள்ளத்தில் நின்ற வாகனத்தின் வயர்களும் கணினிப் பெட்டிகளும் உடனே போகாது, மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் போகும். அதற்கு நியாய விலை என்று ஒன்றை என்னால் சொல்ல முடியாது. வாங்காமல் விடுவதே மேல்.

குறை கண்டால் என்ன செய்வது? இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். வாகனத்தைச் சுற்றி வந்து "இது சரியில்லை, அது சரியில்லை, பெயின்ட் மங்கிப் போச்சு" என்று குறை அடுக்குவது பேரம் அல்ல. நம் கடைக்கு வந்து சரக்கைக் கேவலமாகப் பேசுபவருக்கு நாம் விலை குறைப்போமா? குறைக்கு விலை போடுங்கள். பஞ்சிகாவத்தையில் அந்தப் பாகம் என்ன விலை, மாற்ற என்ன கூலி என்று விசாரித்து எழுதுங்கள். முன்பு சொன்ன 62 இலட்ச வாகனத்தையே எடுப்போம். உங்கள் கொப்பியில் அதே வகை நல்ல நிலையில் 60 இலட்சத்துக்குப் போகிறது. இதற்கு நான்கு டயரும் மாற்ற வேண்டும், ஒன்று 28,000 படி 112,000. முன் சஸ்பென்ஷன் வேலை 65,000. பம்பர் பெயின்ட் 25,000. கூட்டினால் 202,000 ரூபா. அப்படியானால் உங்களுக்கு இதன் பெறுமதி 5,798,000 ரூபா. இந்தத் தாளை மேசையில் வைத்து 57 இலிருந்து ஆரம்பித்து 58 இல் முடித்தால், அவருடைய 5,643,000 கணக்குக்கு மேலே அவருக்கும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் நிற்கிறது. இதைத்தான் நான் நியாய விலை என்பேன். அவரை அழவைத்து 55 க்கு வாங்கிவிட்டேன் என்று பெருமை பேசுபவர்கள், ஒன்றில் பொய் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் அந்த வாகனத்தில் இன்னும் காணாத ஏதோ ஒன்று இருக்கிறது.

விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். நமக்கு இது கஷ்டம். மௌனம் வந்தால் அதை நிரப்ப நாமே இன்னொரு ஐம்பதாயிரத்தைக் கூட்டிச் சொல்லிவிடுவோம். அவர் பேசட்டும். அவர் "மாதம் எவ்வளவு கட்ட முடியும் உங்களால்?" என்று பேச்சைத் திருப்பினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டாம். மாதத் தவணை பேச ஆரம்பித்தால் மொத்த விலை கண்ணிலிருந்து மறைந்துவிடும். விலை முதலில் முடியட்டும், பணம் எப்படி வருகிறது என்பது உங்கள் விடயம். அதேபோல் உங்கள் பழைய வாகனத்தை மாற்றாகக் கொடுப்பதானால், அந்தப் பேச்சை வாங்கும் விலை முடிந்த பிறகு எடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், ஒரு கையால் கூட்டித் தந்து மறு கையால் எடுத்துக்கொள்வார். உங்கள் பழைய வாகனத்தின் குறையையும் நீங்கள் மறைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனால் சேல்காரர்கள் என்னிடம் சொல்லும் முறைப்பாடுகளில் முதலாவது இதுதான்.

கடன் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டி லீசிங் வேண்டாம் என்று இஜாரா, முராபஹா முறைகளுக்குப் போகிறவர்கள் நம்மில் அதிகம். நல்லது. ஆனால் எந்த முறையானாலும் வாகனத்தின் பெறுமதியில் ஒரு வீதம்தான் தருவார்கள், மத்திய வங்கி அந்த எல்லையை அவ்வப்போது மாற்றுகிறது. அந்த எல்லையைத் தாண்ட, இல்லாத விலையைத் தாளில் எழுதிப் பெறுமதி மதிப்பீட்டையும் கூட்டிப் போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. சேல்காரர் உங்களுக்கு உதவி செய்வதுபோல் இருக்கும். ஆனால் பொய் விலைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு, உண்மை விலையில் பேரம் பேசும் பலம் உங்களிடம் எங்கே இருக்கும்? வாகனத்தில் ஏதும் கோளாறு வந்து வழக்குக்குப் போனாலும் அந்தத் தாள்தான் முன்னால் வரும்.

பத்திரங்களில் பலர் கோட்டை விடுகிறார்கள். பதிவுப் புத்தகத்தில் பதிவு உரிமையாளர் என்று ஒருவரும், பூரண உரிமையாளர் என்று ஒரு நிதி நிறுவனமும் இருந்தால், அந்த நிறுவனத்தின் கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. "கடனை நாங்க கட்டி முடிச்சித் தாறோம்" என்றால், நீங்களும் கூடப் போய் உங்கள் கையாலேயே அந்த நிறுவனத்துக்குக் கட்டுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகனத்தின் பதிவு விபரத்தைப் பெற வழி இருக்கிறது, முற்பணத்துக்கு முன் அதைச் செய்யுங்கள். அரச உத்தியோகத்தர்களின் பேமிட்டில் வந்த வாகனங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குப் பெயர் மாற்ற முடியாத நிபந்தனை இருந்தது. அது மலிவாக வருவதற்குக் காரணம் அதுதான். முற்பணம் கொடுக்கும்போது வெறும் துண்டில் தொகையை மட்டும் எழுதி வாங்காமல், செசி இலக்கம், பேசிய விலை, எத்தனை நாளில் பத்திரம் தருவது, சோதனையில் குறை வந்தால் முற்பணம் திரும்புமா என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தயங்கும் இடத்தில் பணத்தை எண்ண வேண்டாம்.

இந்தப் பத்தியை வாசிப்பவர்களில் சேல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். என் மேல் கோபப்பட வேண்டாம். உங்கள் பக்கத்து வாதம் எனக்குத் தெரியும்: "நான் குறையைச் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த சேலுக்குப் போய், குறையைச் சொல்லாதவனிடம் வாங்குவார்." நடக்கும். ஆனால் குருணாகல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வாகனத்தின் முன் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்டி வைப்பார். இடது கதவு பெயின்ட் பண்ணியது, ஏ.சி. கொம்பிரசர் மாற்றியது, பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அவரிடம் பேரம் மிகக் குறைவு. வாங்குபவர் குறை தேடுவதற்கு முன் அவரே சொல்லிவிட்டால், பேரத்துக்கு எதை வைத்துப் பேசுவது? அவர் இறங்குவது இருபத்தைந்தாயிரம், ஐம்பதாயிரம்தான். சிங்களச் சகோதரர்கள் அவரைத் தேடித் தூர இடங்களிலிருந்து வருகிறார்கள். சொந்தக்காரர்கள் கொமிஷனுக்கு வாகனத்தை முதலில் அவரிடம்தான் கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் அங்கே வாகனம் நாட்கணக்கில்தான் நிற்கும். மாதம் 81,000 தின்னும் கணக்கு அவருக்கு இல்லை. மறைத்து விற்பவர் கூட்டி வைக்கும் இரண்டு இலட்சத்தில் பாதி, வாகனம் நிற்கும் காலத்திலேயே கரைந்துவிடுகிறது என்பதை எந்தச் சேல்காரராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறாரா?

கடைசியாக, புதிய வேன் வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் பலரும் மறந்துவிடும் ஒன்று. நீங்கள் விற்ற பழைய வேன். திறந்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, பெயரும் திகதியும் வெறுமையாக விட்டுக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். அது கைமாறிக் கைமாறி நீங்கள் போகாத ஊரில் ஓடுகிறது. அங்கே ஒரு விபத்து நடந்தாலோ, சட்டவிரோதமாக ஏதும் ஏற்றிப் பிடிபட்டாலோ, பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரை. பத்து இருபது ஆயிரம் கூடத் தருகிறேன் என்று திறந்த பத்திரம் கேட்பவருக்கு அந்தப் பணம் அதைவிடப் பெரிய செலவை மிச்சப்படுத்துகிறது. விற்ற திகதி, நேரம், வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதி, மீட்டர் கணக்கு எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்ட தாள் ஒன்றை வைத்துக்கொண்டு, கைமாற்றத்தைத் திணைக்களத்துக்கும் அறிவித்துவிடுங்கள். அந்தத் தாளைக் கடை லாச்சியில் போட வேண்டாம், வீட்டு அலுமாரியில் காணி உறுதியோடு வையுங்கள்.